டோங்காவுக்கு ஆடிய தவுமலோலோ செய்தது சரியா? எங்கள் ஊர் ரைடருக்காகக் கேட்கிறேன்

வெட்டாற்றங்கரை:
வணக்கம். கொரடாச்சேரி பக்கம் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. பொங்கல் கபடித் தொடருக்கு எங்கள் ஊர் அணியை 12 வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் சித்தப்பா மகனுக்கு வயது 19, நல்ல ரைடர். இந்த வருஷம் பக்கத்து டவுனில் ஒரு பெரிய அணி அவனைக் கூப்பிடுகிறது. ஷூ, சாப்பாடு, பஸ் செலவு, ஜெயித்தால் பங்கு எல்லாம் உண்டு. ஆனால் பொங்கலுக்கும் அவர்களுக்குத்தான் ஆட வேண்டுமாம். அதே தொடரில் நாங்களும் இறங்குகிறோம். குலுக்கலில் எதிரெதிரே வந்தால் சொந்த ஊர்க்காரர்களைத் தொட்டுவிட்டு இவன் கோட்டுக்குத் திரும்ப ஓட வேண்டும்.

பயல் போகமாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால் ஜேசன் தவுமலோலோ என்று ஒரு ரக்பி லீக் ஆட்டக்காரர் பெயரைச் சொல்கிறான். நேற்று வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது வரப்பில் உட்கார வைத்து போனில் காட்டினான். மூன்று பேர் இடுப்பிலும் காலிலும் தொங்குகிறார்கள், அந்த மனுஷன் விழாமல் நெட்டித் தள்ளிக்கொண்டே ஏழெட்டு அடி போகிறார். நியூசிலாந்து மாதிரி பெரிய நாட்டை விட்டுவிட்டு, அப்பா அம்மா நாடான டோங்கா என்ற பசிபிக் கடல் குட்டித் தீவு நாட்டுக்கு ஆடினாராம். அது அவர் பிழைப்பைக் கெடுத்ததா இல்லையா? சித்தப்பா "இந்த வயசுல வர்ற வாய்ப்பை விட்டா அப்புறம் யாரு கூப்பிடுவா" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாபநாசம் டு டவுன்ஸ்வில்:
அண்ணே, நான் 2014-இல் இருந்து ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் இருக்கிறேன், அவர் ஆடும் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணியின் ஊர். தெற்கே பர்டெகின் பக்கம் வண்டியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புதான், வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் மனசு ஆறும்.

தவுமலோலோ டோங்கா வம்சம், பிறந்தது 1993-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்தவர். 2010-இல் கவ்பாய்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 17, அந்த அணிக்கு ஆடியவர்களிலேயே இளையவர். ரக்பி லீக்கில் ஒரு பக்கம் 13 பேர். ஆறு முறை மடக்கப்படுவதற்குள் கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவர் ஆடுவது லாக் என்ற இடம். கபடியில் ரைடர் பிடிபடாமல் திரும்பப் பார்ப்பான், இவர் பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தேதான் கூட்டத்துக்குள் போவார். பிடித்த பிறகு இன்னும் எத்தனை அடி தள்ளிக்கொண்டு போகிறார் என்பதில்தான் வித்தை இருக்கிறது. நல்ல ஃபார்மில் ஒரே ஆட்டத்தில் 200 மீட்டருக்கு மேல் பந்தோடு ஓடுவது அவருக்குச் சாதாரணம்.

2015 இறுதிப் போட்டியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிரிஸ்பேன் பிராங்கோஸுக்கு எதிராக மணி அடிக்கும் நேரத்தில் 16-16 சமன். எங்கள் ஆட்டக்காரர் ஜொனாதன் தர்ஸ்டன் ஜெயிக்க உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது, கூடுதல் நேரத்தில் அவரே அடித்து 17-16. கவ்பாய்ஸின் முதல் கோப்பை. நான் தங்கியிருந்த தெருவில் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த வருஷம் லீக்கின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை கூப்பர் கிரோங்கோடு தவுமலோலோ பகிர்ந்துகொண்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2017 உலகக் கோப்பைக்கு நியூசிலாந்து அணியை அறிவிக்கச் சற்று முன்னால், நான் டோங்காவுக்கு ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடியிருக்க வேண்டிய ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே பக்கம் வந்தார். நியூசிலாந்தில் பலருக்குக் கோபம். சம்பளத்தில் டோங்கா கிட்டக்கூட வராது, மொத்த ஜனத்தொகையே ஒரு லட்சம் சொச்சம். அந்த டோங்கா நவம்பர் 11 அன்று ஹாமில்டனில் நியூசிலாந்தையே சந்தித்தது. பாதி ஆட்டத்தில் 2-16 என்று பின்தங்கி, கடைசியில் 28-22 என்று ஜெயித்தது. மைதானம் முழுக்கச் சிவப்புக் கொடி, யாருக்கு இது சொந்த ஊர் என்றே புரியாத அளவுக்கு.

மன்னை களம்:
மேலே எழுதியது எல்லாம் சரி. ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். தவுமலோலோ டோங்காவுக்குப் போனபோது அவர் கையில் என்ன இருந்தது? அதே 2017-இல் கவ்பாய்ஸோடு 10 வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தார், சுமார் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்குச் சோறு போட்டது கிளப். உலகக் கோப்பை சீசன் முடிந்த பிறகு வருவது. நாட்டை மாற்றினார், வேலையை மாற்றவில்லை. விதியும் இடம் கொடுத்தது, பெற்றோர் வழியில் அவருக்கு டோங்காவுக்கு ஆடும் தகுதி இருந்தது.

உங்கள் தம்பிக்கு அப்படிப் பின்னால் நிற்க எதுவும் இல்லை. டவுன் அணிதான் அவனுக்குக் கிளப். மேட் விரிப்பின் மேல் ஆடிப் பழகவும், நாளைக்கு ஒரு அரசுத் துறை அணியின் தேர்வுக்குப் போகவும் அங்கேதான் வழி. மண் களத்தில் மட்டும் ஆடிக்கொண்டிருந்த எத்தனையோ நல்ல பையன்கள் 25 வயதில் அறுவடை மெஷின் ஓட்டப் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஊர்ப்பாசத்தைச் சொல்லி அவனைக் கட்டிப்போடாதீர்கள்.

வெட்டாற்றங்கரை:
அண்ணே, நான் கட்டிப்போடவில்லை, போ என்றுதான் சொன்னேன். அவன்தான் "அண்ணே, நம்ம பனியன்ல ஊர் பேரு இருக்குல்ல" என்கிறான். வெட்டாற்று மணலில் டிராக்டர் டயரை இடுப்பில் கட்டி இழுத்துப் பழகுகிறான், அந்த ஆளைப் பார்த்துத்தான். டோங்கா அப்புறம் என்ன ஆனது? ஒரு ஆட்டத்தோடு சரியா?

பழைய கேட்சர், நீடாமங்கலம்:
தம்பி, நான் ரக்பி லீக்கை 2017-இல்தான் பார்க்க ஆரம்பித்தேன், அதற்குக் காரணமே டோங்காதான். அந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்திடம் 0-20 என்று பின்தங்கியிருந்தார்கள். முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது எழுந்தார்கள் பாருங்கள், 18-20 வரை வந்து கடைசி மூச்சில் தோற்றார்கள். 2019-இல் ஆக்லாந்தில் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று வென்றார்கள். 2024-இல் பசிபிக் கோப்பை இறுதிப் போட்டியில் அதே ஆஸ்திரேலியாவிடம் 14-20 என்று தோற்றார்கள். உலகக் கோப்பையைத் தூக்கவில்லை, ஆனால் டோங்கா என்றால் அலட்சியமாக இறங்க இப்போது எந்த அணிக்கும் தைரியம் கிடையாது. பெரிய ஆட்டக்காரர் ஒருவர் முன்னால் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். அவர் பிழைப்பும் கெடவில்லை, அதே கிளப்பில்தான் தொடர்ந்து ஆடினார்.

இன்னொன்று, உடம்பு. அவ்வளவு பலசாலிக்கே அப்புறம் முழங்கால் தொல்லை வந்து, களத்தில் இருக்கிற நிமிஷம் குறைந்தது. எனக்கு 27 வயதில் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆடிய அணியில் இருந்து ஒருவர்கூட ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஊர்க்காரர்கள்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டு போனார்கள், வைத்தியச் செலவுக்கு நெல் விற்றுக் கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பா. அதனால் டவுன் அணியில் சேருவதற்கு முன்னால் அடிபட்டால் செலவு யாருடையது என்று வாயைத் திறந்து கேளுங்கள். காலில் ஷூ மாட்டிவிடுவது சுலபம், அடுத்த ஆறு மாசம் அந்தக் காலைப் பார்த்துக்கொள்வது யார்?

மன்னை களம்:
பெரியவர் சொன்னதைக் கேட்ட பிறகு நானும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா பாருங்கள். வருஷம் முழுக்க டவுன் அணி, பொங்கல் மூன்று நாள் மட்டும் ஊர் அணி. தவுமலோலோ செய்ததும் அதுதானே. இதை இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் மேல் நியூசிலாந்துக்காரர்களுக்கு வந்த கோபத்தில் பாதி, அணி அறிவிக்கிற நேரத்தில் சொன்னதால் வந்தது. தொடருக்கு முதல் நாள் போய் நின்றால் உங்கள் தம்பிக்கும் அதே கெட்ட பெயர்தான் வரும்.

பாபநாசம் டு டவுன்ஸ்வில்:
இது நல்ல யோசனை. டவுன் அணி மேனேஜர் கபடி ஆடியவராக இருந்தால் கண்டிப்பாகப் புரிந்துகொள்வார். பொங்கல் ஆட்டத்தை யாராவது வீடியோ எடுத்தால் போடுங்கள் அண்ணே, இங்கே என்னோடு வேலை பார்க்கிற டோங்காக்காரர் ஒருவருக்குக் காட்ட வேண்டும். கபடி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெட்டாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் பயலையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போகிறேன். அடிபட்டால் செலவு யாருடையது என்பதை முதலில் கேட்கப்போகிறேன், பொங்கல் பேச்சு அதற்கு அப்புறம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த வருஷம் ஊருக்கே ஆடட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தப்பாவே இன்று காலையில் சொல்லிவிட்டார். போய்வந்து எழுதுகிறேன்.