ஏஎன்சி ஹெட்ஃபோன்: சத்தம் கொஞ்சமும் குறையவில்லை, திருப்பி அனுப்பலாமா? (அவசரம்)

நூல்கண்டு – செவ்வாய், காலை 9:12

வணக்கம். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கி நான்கு நாள் ஆகிறது. வயர் இல்லாதது, காதை முழுக்க மூடும் வகை. ஏஎன்சி (வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே சத்தம்தான். மீட்டிங்கில் மற்றவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. அவர்களுக்கோ என் குரலைவிடப் பின்னாலிருக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதாம். மேலாளர் நேற்று "ரயிலிலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். திருப்பி அனுப்ப வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? பத்து மணிக்கு மீட்டிங் இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

திண்டுக்கல்பூட்டு – 9:20

என்ன மாடல்? என்ன விலை? போனில் கேட்கிறீர்களா, லேப்டாப்பிலா? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் அவசரம் என்றால் யார் என்ன செய்வது?

ரயில்சினேகிதி – 9:31

என்ன சத்தம் என்பதையும் சொல்லவில்லை. நான் தினமும் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போகிறேன். பெட்டியின் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் ஏஎன்சி போட்டதும் காணாமல் போய்விடுகிறது. சுண்டல் விற்கிறவர் குரல் மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது! முதலில் நானும் ஏமாந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். பிறகுதான் அதன் குணமே அப்படி என்று தெரிந்தது.

கொடெக்குமரன் – 9:48

கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கிறது என்றால் கொடெக்தான் (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) காரணம். எஸ்பிசி என்ற சாதாரண கொடெக்கில் ஓடிக்கொண்டிருக்கும். போனில் டெவலப்பர் அமைப்புக்குள் போய் எல்டாக் என்ற உயர்தர கொடெக்கை வையுங்கள். எஸ்பிசியில் வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட்தான், எல்டாக்கில் 990 வரை போகும். எட்டு ஆண்டுகளாக இந்த அரங்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மின்தச்சன் – 10:15

எட்டு ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கேட்பது பாட்டைப் பற்றியல்ல, மீட்டிங்கைப் பற்றி. மீட்டிங்கில் மைக் திறந்த கணமே புளூடூத் இணைப்பு இசை கேட்கும் முறையிலிருந்து தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். அங்கே எல்டாக்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஸ்டீரியோ போய் இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாகிவிடும். மாதிரி வீதம், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். கிணறு அதுதான். அரங்கில் புது உரையாடல் தொடங்குவதற்கு முன் பழைய உரையாடல்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு ஏனோ வருவதில்லை.

நெல்லைக்காற்று – 10:22

மின்தச்சன் ஐயா சொன்னதை நான் கொஞ்சம் அன்பாகச் சொல்கிறேன். தம்பி, மீட்டிங் செயலியின் அமைப்பில் ஒலிபெருக்கி என்ற இடத்தில் ஹெட்ஃபோனையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஹெட்ஃபோனின் மைக்கை எந்தச் செயலியும் தொடாதவரை இணைப்பு இசை முறையிலேயே நிற்கும், மற்றவர்கள் குரல் பளிச்சென்று கேட்கும்.

இன்னொன்று. ஏஎன்சி உங்கள் காதுக்குத்தான். எதிர்முனைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர்களுக்கு என்ன கேட்கிறது என்பதை மைக்கும் அதன் தனி வடிகட்டலும்தான் முடிவு செய்கின்றன. டப்பாவின் மேல் இரண்டையும் ஒரே பெயரில் போட்டு விற்பதால் பாதிப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

கொடெக்குமரன் – 10:40

எல்டாக்கில் இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

திண்டுக்கல்பூட்டு – 10:44

அவருடைய போன் ஐபோனாக இருந்தால் எல்டாக் என்ற பேச்சுக்கே இடமில்லை, எஸ்பிசியும் ஏஏசி என்ற இன்னொரு கொடெக்கும்தான். அதனால்தான் மாடல் கேட்டேன். யார் காதிலும் விழவில்லை.

கொடெக்குமரன் – 10:51

ஐபோன் வைத்திருப்பவர் தரம் கேட்கிறார் என்று யார் நம்புவார்கள்?

(இந்த இடத்தில் ஐபோன் பற்றிய பதினான்கு பதில்கள் மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டன.)

ரயில்சினேகிதி – பகல் 1:05

நூல்கண்டு, மூக்குக்கண்ணாடி போடுவீர்களா? தலைமுடி காதை மறைக்குமா? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

நூல்கண்டு – இரவு 8:37

மன்னிக்கவும், இன்று முழுக்க வேலை. லேப்டாப், விண்டோஸ். விலை எட்டாயிரத்துச் சொச்சம். கண்ணாடி போடுவேன், அது எதற்கு? சத்தம் என்றால் வழக்கமான சத்தம்தான், சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது.

திண்டுக்கல்பூட்டு – 8:41

தறியா!

ரயில்சினேகிதி – 8:42

காலையிலிருந்து மின்விசிறியா, ஏசியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எத்தனை தறி?

நூல்கண்டு – 8:44

பன்னிரண்டு. விசைத்தறி.

மின்தச்சன் – 9:10

காலையிலேயே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இருபது பதில்கள் மிச்சமாகியிருக்கும்.

ஏஎன்சி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியிருக்கிறீர்கள். காதை மூடும் கிண்ணத்திலிருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளிருக்கும் ஒலிபெருக்கி வழியாக அனுப்புகிறது. மேடும் பள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அடங்கவேண்டும். 100 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அங்கே கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பெரிய தப்பில்லை. 5,000 ஹெர்ட்ஸ் என்றால் அலை ஏழு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கே இம்மி பிசகினால் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். அதனால் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஏஎன்சியின் ஆட்சி. அதற்கு மேலே வரும் சத்தத்தைக் காது மெத்தையின் தடிமன்தான் தடுக்கவேண்டும்.

அடுத்தது, சத்தம் ஒரே சீராக வரவேண்டும். இது விமானத்துக்காகப் பிறந்த சங்கதி. அமர் போஸ் 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்ஃபோனில் எஞ்சின் இரைச்சலை மீறி எதுவும் கேட்கவில்லை என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-இல்தான் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது கடைக்கு வந்தது. விமான எஞ்சின் ஒரே சுருதியில் மணிக்கணக்காக ஓடும். தறி அப்படியா?

பாவுநூல் – 9:34

தறி அப்படியில்லை. நான் சோமனூர்க்காரன், தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், அதனால் நானே சொல்கிறேன். மோட்டாரின் உறுமல் ஒன்று உண்டு, அது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் நாடா, குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு ஓடும் கட்டை. தறியின் கை ஒன்று நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு அடித்துத் தள்ளும், அந்த அடிதான் 'டக்'. அந்தப் பக்கம் போய் முட்டி நிற்கும்போது இன்னொரு 'டக்'. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஒவ்வொரு தறியிலும். பன்னிரண்டு தறியும் ஒரே தாளத்தில் ஓடாது. ஒன்றை ஒன்று முந்தும், பின்தங்கும். அறைக்குள் உட்கார்ந்தால் ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல் இருக்கும். இதை எந்த ஹெட்ஃபோன் அடக்கும்?

மின்தச்சன் – 9:50

நான் சொல்ல வந்ததையே சொல்லிவிட்டார். உறுமல் போகும், 'டக்' போகாது. உறுமல் போனபின் 'டக்' தனியாக நிற்பதால் இன்னும் எடுப்பாகவும் கேட்கலாம்.

ரயில்சினேகிதி – 9:58

ஆனால் அவருக்கு உறுமலே போகவில்லையே! "போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே சத்தம்" என்கிறார். அதனால்தான் கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடியின் காம்பு காது மெத்தைக்கு அடியில் போகும் இடத்தில் ஒரு சந்து விழுகிறது. கனத்த சத்தம் அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே நுழையும், ஏஎன்சி பார்த்த வேலை பாதி வீணாகிவிடும். என் பழைய கண்ணாடிக்குக் காம்பு அகலம். மெல்லிய கம்பிக் காம்புக்கு மாறியபின் அதே ஹெட்ஃபோன் வேறு ஹெட்ஃபோன் ஆகிவிட்டது.

ஒரு சோதனை சொல்கிறேன். மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடியோடு, பாட்டு எதுவும் போடாமல், ஏஎன்சியை மட்டும் போடுங்கள். இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெதுவாகத் தலையோடு அழுத்துங்கள். அழுத்தும்போது விசிறிச் சத்தம் சட்டென்று குறைந்து, கையை எடுத்ததும் திரும்ப வந்தால் சந்து இருக்கிறது. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதையே செய்யுங்கள்.

திண்டுக்கல்பூட்டு – 10:03

தறி ஓடும்போது விசிறிச் சத்தம் எங்கே கேட்கும்?

பாவுநூல் – 10:06

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கேட்கும். அன்று தறி ஓடாது, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் விசிறி ஓடும். எங்கள் பகுதியில் அந்த ஒரு நாள்தான் காக்கை கத்துவது கேட்கும்.

அமைதிவிரும்பி – புதன், காலை 7:15

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல்தான் அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தெளிவாக இருக்கிறது. ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. எட்டாயிரம் ரூபாய் மிச்சம்.

பாவுநூல் – 7:40

முடிந்தது என்றால் எது முடிந்தது? பன்னிரண்டு தறியை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியுமா? எங்கள் ஊரில் தறிக் குடோன் முதலில் வந்தது, அதை ஒட்டி வீடுகள் பிறகு வந்தன. நூல் விலை ஏறினாலும் நாங்கள் அடி வாங்குகிறோம், கூலி உயரவில்லை என்றாலும் அடி வாங்குகிறோம். இப்போது சத்தத்துக்கும் அடியா?

அமைதிவிரும்பி – 7:52

பிழைப்பு வேறு, சட்டம் வேறு. தறிக்காரர் காதும் காதுதானே? அவருக்கு அறுபது வயதில் காது கேட்காமல் போனால் யார் பொறுப்பு?

பாவுநூல் – 8:01

அது மட்டும் நியாயமான கேள்வி. அப்பாவுக்காக எங்கள் வீட்டில் டிவி வைக்கும் சத்தத்தில் மூன்றாவது வீட்டில் இருந்தே செய்தி கேட்கலாம்.

நெல்லைக்காற்று – 8:30

பாவுநூல் அண்ணா, மருந்துக்கடையில் நுரை அடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டால், அது விரிந்து அடைத்துக்கொள்ளும். 'டக்' போன்ற சத்தத்துக்கு ஏஎன்சியைவிட அதுதான் மேல். அப்பாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

நூல்கண்டு, நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். தறிச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று ஒலியளவை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஏற ஏற நேரம் வேகமாகக் குறைந்துவிடும். ஹெட்ஃபோனை அனுப்பிவிட முடிவு செய்தால், ரப்பர் முனை வைத்த சாதாரண இயர்போனைக் காதுக்குள் பொருத்திக்கொண்டு, அதன் மேல் தொழிற்சாலையில் போடும் காதுமூடியை மாட்டிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் அடி விழும் சத்தத்துக்கு அதுதான் தாங்கும். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபெல் கூடும், தறி அப்படியே இருக்கும். வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மைக் உள்ள வயர் ஹெட்செட் இந்த விஷயத்தில் விலை உயர்ந்த ஹெட்ஃபோனைத் தோற்கடித்துவிடும்.

கொடெக்குமரன் – 8:44

வயரா? அப்படியானால் கொடெக் பிரச்சினையே வராது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

மின்தச்சன் – 8:46

பதிவு செய்துகொள்ளுங்கள்.

திண்டுக்கல்பூட்டு – 8:59

அனுப்புவதற்கு முன் கடையின் விதியைப் படியுங்கள். சில கடைகளில் பணம் திரும்பாது, பழுதிருந்தால் மாற்றுப் பொருள்தான். "தறிச் சத்தத்தை நீக்கவில்லை" என்பது பழுதில் வராது. மாடல் சொன்னால் அதையும் பார்த்துச் சொல்வேன்.

அமைதிவிரும்பி – 9:20

புகார் மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது. நூல்கண்டு கேட்டால் அனுப்புகிறேன்.

நூல்கண்டு – வியாழன், மாலை 4:48

புகார் எல்லாம் வேண்டாம். தறி எங்கள் பெரியப்பாவுடையது.

இன்று மின்தடை, சோதனை செய்தேன். கண்ணாடியோடு விசிறிச் சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது. கிண்ணத்தை அழுத்தினால் அடங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் அழுத்தாமலேயே அடங்கியது, இறக்கை சுற்றுவதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். நாலரைக்கு மின்சாரம் வந்து தறி ஓடியது. கண்ணாடி இல்லாமல் உறுமல் போனது, 'டக்' அப்படியே இருந்தது. மைக்கை லேப்டாப்புக்கு மாற்றியதும் கிணற்றுக் குரல் சரியாகிவிட்டது, ஆனால் மேலாளருக்கு இன்னும் ரயில்தான். கண்ணாடி இல்லாமல் திரை தெரியாது. அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

திண்டுக்கல்பூட்டு – 4:55

பணம் தருகிறார்களா, மாற்றுப் பொருளா? என்ன மாடல் என்று இப்போதாவது சொல்லுங்கள், வேறு யாருக்காவது உதவும்.

திண்டுக்கல்பூட்டு – சனி, காலை 11:30

நூல்கண்டு?

ரயில்சினேகிதி – 11:42

வரமாட்டார். பாவுநூல், அப்பா நுரை அடைப்பான் போட்டுப் பார்த்தாரா?

பாவுநூல் – பகல் 2:16

போட்டார். அரை நாள்தான். எனக்குச் சத்தமாகக் கேட்பது அவருக்குச் செய்தியாம். இழை அறுந்தாலும் நாடா சரியாகப் போய்ச் சேரவில்லை என்றாலும் தறியின் தாளம் மாறும், அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் எட்டுத் தறிகளில் எதனிடம் ஓடவேண்டும் என்று முடிவு செய்வாராம். "இரண்டு காதையும் அடைத்துவிட்டால் நான் எப்படித் தறி ஓட்டுவேன்?" என்று கேட்டார்.

மின்தச்சன் – 2:40

அடைப்பான் சத்தத்தைக் குறைக்குமே தவிர முழுக்க நிறுத்தாது. தாளம் மாறினால் தெரியும். ஒரு வாரம் போட்டால் காது பழகிவிடும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நான் நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவன். போடாமல் இருந்துவிட்டு இப்போது மனைவி பேசும்போது உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாவுநூல் – 3:05

சொன்னேன் ஐயா. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.