புதுப்பிப்பு: மகளைக் கேலி செய்த அந்த வாட்ஸ்அப் குழு

மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் படத்தை வெட்டி ஒட்டி, கூடப் படிக்கும் பிள்ளைகளே ஒரு குழு தொடங்கிக் கேலி செய்கிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. தேதி, நேரம், எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். மறுநாள் பார்த்தால் பாதிச் செய்திகள் அழிக்கப்பட்டிருந்தன! அப்புறம்தான் மகள் அந்தக் குழுவைப் பற்றி வாட்ஸ்அப்பிலேயே புகார் அளித்து வெளியேறினாள். தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே அவளைக் குழுக்களில் சேர்க்கும்படி அமைப்பையும் மாற்றிவிட்டோம்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் வகுப்பாசிரியர் நான்கு பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்துப் பேசினார். மூவர் மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு வீட்டில் இன்னும் "விளையாட்டுக்குத்தானே" என்கிறார்கள்.

எனக்கு அதைவிட வலித்தது, இதை முன்பே சொல்லாததற்கு மகள் சொன்ன காரணம்: "சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்கன்னு பயந்தேன்பா." இரண்டு மாதம் தனியாகத் தாங்கியிருக்கிறாள். போனை வாங்க மாட்டேன் என்று உறுதி சொல்லியிருக்கிறேன்.

இத்தனை நாளும் போனைக் கவிழ்த்துத் தலையணைக்கடியில் வைத்திருப்பாள். நேற்று இரவு கூடத்து மேசையிலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.