புதுப்பிப்பு: ஏற்காடு பறவை ஒலிப்பதிவுகளை எங்கே வைப்பது?

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஆய்வுக்காக எடுத்த பறவை ஒலிகள் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, அது அடிக்கடி நின்றுபோகிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிஸ்க் போய்விட்டது. பத்தொன்பது நாள் பதிவு மீளவில்லை. அந்த மழைக்கால விடியல்கள் திரும்ப வராது என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

சரி, இப்போதைய நிலை. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல் பதிவு மணிக்குச் சுமார் 346 எம்பி, நாளுக்கு 8.3 ஜிபி. நான்கு கருவிகள் ஒரு மாதம் ஓடினால் ஏறக்குறைய 1 டிபி. இதைப் பென் டிரைவில் சமாளிக்க முடியாது. அதனால் நீங்கள் சொன்ன 3-2-1 முறைக்கு (மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு இடத்தில்) மாறிவிட்டேன்: சேலத்தில் துறை சர்வரில் ஒன்று, என் மேசையில் ஒன்று, ஈரோட்டில் அக்கா வீட்டில் ஒன்று. ஒவ்வொரு முறை நகலெடுத்ததும் எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) ஒப்பிடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு கோப்பு பாதியில் அறுந்திருந்ததை அதுதான் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் பதிவுகளைக் கணினியில் அலசும் வேலை. திருச்சி என்.ஐ.டி.யில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின்கீழ் 2022-இல் தொடங்கப்பட்ட பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது, வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். என் ஆய்வு வழிகாட்டி வழியாக விண்ணப்பித்திருக்கிறோம். அங்கே இடம் கிடைத்தாலும் அலச மட்டும்தான் பயன்படுத்துவேன். மூலப் பதிவுகள் இந்த மூன்று இடங்களிலேயே இருக்கும்.