சாலை வரி விலக்கு டிசம்பரோடு முடியட்டும்

கணக்குப்பிள்ளை (அக்டோபர் 2025):
தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை கொடுத்த நூறு சதவீதச் சாலை வரி விலக்கு இந்த டிசம்பர் 31 வரைதான். நீட்டிக்க வேண்டும் என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எதற்காக நீட்டிக்க வேண்டும்? 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத வாழ்நாள் சாலை வரி. 60 லட்ச ரூபாய் மின்கார் வாங்குகிறவருக்கு அரசு விட்டுக்கொடுப்பது 12 லட்சம். ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டருக்கு விட்டுக்கொடுப்பது பத்தாயிரம். ஜிஎஸ்டியிலும் இதே அநியாயம்தான். கோடி ரூபாய் மின்காருக்கு 5 சதவீதம். பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவரின் பெட்ரோல் வண்டிக்குச் சென்ற மாதம் 21-ஆம் தேதி வரை 28, இப்போது 18. சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லிப் பணக்காரருக்குத் தள்ளுபடி கொடுப்பதை நிறுத்தினால் போதும்.

ஓசூர்வாசி:
கணக்குப்பிள்ளை சார், பேனாவை ஒரு பக்கம் மட்டும் ஓட்டுகிறீர்கள். 60 லட்சத்துக்கு மின்கார் வாங்குகிறவர் எத்தனை பேர்? ஓசூர், போச்சம்பள்ளி, ராணிப்பேட்டை என்று நாட்டின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு தயாராவது நம் ஊரில். 2023 ஜூன் 1-ஆம் தேதி மத்திய அரசு மின்வாகனங்களுக்குக் கொடுக்கும் ஃபேம் மானியத்தை, பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த வரம்பை 15 ஆகக் குறைத்தது. மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய மின் இருசக்கர வண்டிப் பதிவு, ஜூனில் அதில் பாதிகூட இல்லை. நான் வேலை பார்க்கும் டை காஸ்டிங் (உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும்) பட்டறையில் மோட்டார் உறைக்கான அச்சை அந்த மாதம் மெஷினில் ஏற்றவே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சலுகையை வெட்டினால் முதல் அடி யாருக்கு விழும் என்பது எனக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ஜூன் ஏன் விழுந்தது? மானியம் குறையப்போகிறது என்று தெரிந்து எல்லோரும் மே மாதமே வாங்கிவிட்டார்கள். 2024 மார்ச்சில் அந்த மே மாத எண்ணிக்கையையே தாண்டிவிட்டதே!

ஓசூர்வாசி:
அந்த மார்ச்சும் கெடு மாதம்தான் சார். ஃபேம் இரண்டாம் கட்டம் அத்தோடு முடிந்தது. உங்கள் ஆதாரமே என் பக்கம் பேசுகிறது. கெடு வைத்து, நீட்டித்து, குறைத்து, பெயரை மாற்றி என்று அரசு விளையாடும் வரை எந்த முதலாளி ஐந்து ஆண்டுக்குத் திட்டம் போடுவார்? நார்வே 1990-லிருந்து விடாமல் கொடுத்தது. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்கார்.

மூன்றாம்மாடி:
நீங்கள் இருவரும் வாங்கும் விலையிலேயே நிற்கிறீர்கள். வாங்கிய பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடும் வீடு எங்களுடையது. ஸ்கூட்டர் வந்தபின் 70 யூனிட் கூடியது. 500-ஐத் தாண்டினால் கடைசி இருபது யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101-லிருந்து 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடுகிறது. சாலை வரியில் கொடுத்ததை மின்கட்டணத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். சார்ஜ் செய்ய இடம்? மீட்டர் பலகையிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக்குக் குழாய் வைத்து வயர் இழுக்கக் குடியிருப்புச் சங்கம் இன்னும் ஒப்பவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இறக்குகிறேன். தூறல் விழுந்தால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

ஓசூர்வாசி:
வயர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம். சங்கங்கள் மறுக்க முடியாதபடி விதி வர வேண்டும். ஆனால் கட்டணம் பற்றிய புலம்பல் சரியில்லை அண்ணா. கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் பத்து ரூபாய் என்றே வையுங்கள். எழுபதுக்கு 700. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,800. லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் வண்டியில் 40 லிட்டர், அதாவது நாலாயிரம் ரூபாய். எது லாபம்?

பல்லவன்பயணி:
ஸ்கூட்டர் வாங்க வழியில்லாதவர்களைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பஸ்கள் சென்னையில் ஓடத் தொடங்கின. 625 வரப்போகின்றன. சக்கர நாற்காலியோடு ஒருவர் தானாக ஏறுவதை நான் அந்தப் பஸ்ஸில்தான் பார்த்தேன். ஒரு பஸ் நாளெல்லாம் ஓடுகிறது. 60 லட்சத்துக் கார் நாளில் பெரும்பகுதி நிழலில் நிற்கிறது. டீசலை மிச்சம் பிடிப்பது எது? மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் என்ற மின்வாகன மானியத் திட்டத்தில் 10,900 கோடியில் 4,391 கோடி பஸ்ஸுக்கு. காருக்கு மானியமே கிடையாது. டெல்லிக்குப் புரிந்தது கோட்டைக்கு ஏன் புரியவில்லை?

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் சொல்கிறேன். ஓசூர்வாசி நார்வேயைக் காட்டினார். அந்த நார்வேயே 2023-லிருந்து ஐந்து லட்சம் குரோனர் வரைதான் மதிப்புக்கூட்டு வரி விலக்கு என்று கோடு போட்டுவிட்டது. கர்நாடகம் 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்காருக்கு 10 சதவீதம் விதித்தது. கேரளம் இந்த ஆண்டு 15 லட்சத்துக்கு மேற்பட்ட மின்காருக்கே வரியை உயர்த்திவிட்டது. ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் விலக்கு தொடரட்டும். காருக்கு 15 லட்சத்தோடு நிறுத்துங்கள்.

ஓசூர்வாசி:
15 லட்சமா? தூத்துக்குடியில் ஆகஸ்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் விஎஃப் 6 விலை 16.49 லட்சத்தில் தொடங்குகிறது; விஎஃப் 7 கிட்டத்தட்ட 21 லட்சம். நிலம் கொடுத்து, சிவப்புக் கம்பளம் விரித்து ஆலையைக் கொண்டுவந்துவிட்டு, அதன் முதல் வண்டி ஷோரூமுக்கு வந்த சூட்டோடு அதன்மேல் வரி போடச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, கர்நாடகம் போல 25 என்று வையுங்கள். அதற்குமேல் வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் மின்பஸ்ஸுக்குப் போக வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பல்லவன்பயணி:
வாகன வரி கருவூலத்துக்குள் போனபின் எந்த ரூபாய் எங்கே போனது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? தனி நிதியம் வைத்து, போக்குவரத்துத் துறை செலவுக்காகச் சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கையில் தனித் தலைப்பில் காட்டச் சொல்லுங்கள். அப்போது கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாம்மாடி:
அந்த நிதியத்தில் என் வயருக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.