முகா ஹெட் கலங்கரை விளக்கம்: ஏறிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பத்து பெரிங்கிவாசி:
போன சனிக்கிழமை ஒருவழியாக நம்ம பினாங்குத் தீவின் முகா ஹெட் போய் வந்தேன். தெலுக் பகாங் தேசியப் பூங்கா வாசலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காலையிலேயே நடையைக் கட்டினேன். மங்கி பீச் வரைக்கும் சமாளித்துவிடலாம். அதற்கப்புறம்தான் வினை, ஒரே ஏற்றம். வருசா வருசம் தண்ணீர்மலை முருகனுக்குப் படியேறுகிற கால்தானே என்று கொஞ்சம் திமிராகத்தான் கிளம்பியிருந்தேன். பாதியிலேயே மூச்சு வாங்கி ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

மேலே போய்ப் பார்த்தால் சப்பென்று ஆகிவிட்டது. வெள்ளையடித்த குட்டைக் கோபுரம், 14 மீட்டர்தான்! 1883இல் ஆங்கிலேயர் கட்டியதாம். பாதியில் காசு தீர்ந்துபோய்விட்டதோ?

ஜெலுத்தோங் டீச்சர்:
தம்பி, குள்ளம் என்று ஏமாறாதீர்கள். என் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுப்பேன். பூமி உருண்டை இல்லையா? 14 மீட்டர் உயரத்தில் நின்றால் 13 கிலோமீட்டரிலேயே கடல் வளைந்து மறைந்துவிடும். அதே கோபுரத்தை 200 மீட்டருக்கு மேலான குன்றின் உச்சியில் வைத்தால் அடிவானம் 50 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மலையே பாதிக் கோபுரம், சரியா? அதுவும் தீவின் வடமேற்கு முனை; மலாக்கா நீரிணையில் வடக்கிலிருந்து வருகிற கப்பல் முதலில் தேடும் பக்கம். அது கருங்கல் கட்டடம். அந்த மேட்டில் நின்று கட்டியவர்களை நினைத்தால் எனக்கு முதுகு வலிக்கிறது.

பட்டர்வொர்த் பழசு:
என்னைப் போல முட்டி தேய்ந்தவர்களுக்கு ஜார்ஜ்டவுனில் ஒன்று இருக்கிறது, கார்ன்வாலிஸ் கோட்டை மூலையில். முகா ஹெட்டுக்கு ஒரு வருடம் மூத்தது, 1882. உயரம் 21 மீட்டர். கல் இல்லை, எஃகுச் சட்டம். பார்க்க அச்சு அசல் கப்பலின் பாய்மரக் கம்பம். சின்னப் பிள்ளையாக அப்பாவோடு பெர்ரியில் வரும்போது, கோட்டைக்குள் ஒரு கப்பல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றே நம்பினேன். அப்பாவும் திருத்தவில்லை. அது கப்பல்களுக்கு வழிகாட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது, இப்போது சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கத்தான்.

பத்து பெரிங்கிவாசி:
டீச்சர், இந்தக் கணக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் மேலே நின்று கடலை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பேன். இறங்கி வந்து மங்கி பீச்சில் உட்கார்ந்து, போனில் கோபுரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நாசி லெமாக் பொட்டலம் மரத்தில் இருக்கிறது, பிரித்து வைத்து ஒருவர் சாப்பிடுகிறார். சம்பலை மட்டும் கீழே போட்டார்.