லினக்ஸ் போட்ட பிறகு நெட்வொர்க் கார்டு காணவில்லை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதிவு 1

என் நெட்வொர்க் கார்டு ரியல்டெக் 8125பி, 2.5 கிகாபிட், மதர்போர்டிலேயே வருவது. உபுண்டு 20.04 போட்டாயிற்று. கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறது, செட்டிங்ஸில் ஒயர் இணைப்பு என்ற வரியே இல்லை. கேபிள் மாற்றுவது, பயாஸில் ஆன்போர்டு லேன் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மறக்க முடியாதது ஒரே ஒரு இடம். டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' (மெஷினில் உள்ள கார்டுகளையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் ஈதர்நெட் வரி வருகிறது. கீழே 'கர்னல் மாட்யூல்ஸ்: ஆர்8169' என்றும் இருக்கிறது (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, மாட்யூல் என்பது அதில் ஏற்றும் டிரைவர்). பார்த்தவுடன் டிரைவர் இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு மேலே வர வேண்டிய 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லை. முதலாவது இந்தக் கார்டுக்குப் பொருந்தக்கூடிய மாட்யூலின் பெயர். இரண்டாவது உண்மையில் கார்டைப் பிடித்திருக்கும் டிரைவர். இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்யூலைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் நாள் போய்விடும்.

கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையின் வெளியீட்டில் ஆர்8169 என்று தேடினால் பதில் அங்கேயே இருக்கிறது: 'அன்நோன் சிப் எக்ஸ்ஐடி 641'. 8125-இன் முதல் வடிவத்துக்கும் பி வடிவத்துக்கும் பிசிஐ எண் ஒன்றே. அதனால் கர்னல் 5.4-இல் உள்ள ஆர்8169 வருகிறது, சிப்பின் திருத்த எண்ணைப் படிக்கிறது, தெரியாததால் விலகிக்கொள்கிறது. பி வடிவத்துக்கான ஆதரவு 5.9-இல்தான் சேர்ந்தது.

தீர்வு: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள். அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். பிறகு 'லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-20.04' பேக்கேஜைப் (எச்டபிள்யூஇ என்பது பழைய உபுண்டுவுக்கு வரும் புதிய கர்னல்) போட்டு ரீபூட் செய்தால் புதிய கர்னல் வந்துவிடும். போன் இல்லையென்றால் 20.04.3 அல்லது அதற்குப் பிந்தைய டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ, அதில் 5.11 அல்லது அதைவிடப் புதிய கர்னல் இருக்கிறது. சர்வர் ஐஎஸ்ஓ என்றால் கவனம்: பூட் மெனுவில் எச்டபிள்யூஇ வரியை நீங்களே தேர்ந்தெடுக்காவிட்டால் பழைய 5.4-தான் ஏறும்.

பதிவு 2

நல்ல பதிவு. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாரும் கர்னலை மாற்றக் கிளம்பிவிடக் கூடாது. கர்னல் மாற்றுவதில் பலன் உண்டா என்பதை எல்எஸ்பிசிஐயின் முதல் வரிதான் சொல்லும். கார்டின் பெயர் அங்கே வந்தால் மென்பொருள் வேலை பாக்கி. பெயரே வரவில்லை என்றால் எந்தக் கர்னலும் உதவாது.

நான் சொல்வது இன்டெல் ஏஎக்ஸ்201 வைஃபை கார்டு, ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டியது. ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, திருகும் சரியாக விழுந்தது. எல்எஸ்பிசிஐயில் சுத்தமாக ஒன்றுமில்லை. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பியில் புளூடூத்தும் இல்லை.

காரணம்: 201, 211 இரண்டும் முழுமையான கார்டுகள் அல்ல. ரேடியோ பகுதி மட்டும்தான் கார்டில் இருக்கிறது, மீதிப் பாதி இன்டெல் பிராசசர் அல்லது சிப்செட்டுக்குள் இருக்கிறது. சிஎன்விஐ என்பது இதுதான். ஏஎம்டி போர்டில் அந்த மறுபாதி கிடையாது. வாங்க வேண்டியது ஏஎக்ஸ்200 (கர்னல் 5.1 முதல்) அல்லது ஏஎக்ஸ்210 (5.10 முதல்). இவை சாதாரண பிசிஐஇ கார்டுகள். இந்த நான்கு கார்டுகளில் பெட்டியில் உள்ள கடைசி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்: 0 என்றால் எங்கும் ஓடும், 1 என்றால் சிஎன்விஐ உள்ள இன்டெல் போர்டில் மட்டும்.

பதிவு 3

எல்எஸ்பிசிஐயில் பேர் இல்லன்னா கார்டு பொருந்தாதுன்னு 2-ஆம் பதிவுல அடிச்சுச் சொல்றது சரியில்லைங்க. விண்டோஸும் கூடவே இருக்கிற மெஷினா இருந்தா இன்னொரு காரணமும் இருக்கு.

விண்டோஸ்ல 'ரீஸ்டார்ட்' கொடுத்து லினக்ஸுக்கு வந்தா வைஃபை இருக்கு. 'ஷட்டவுன்' பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணி வந்தா வைஃபை இல்லை. அதே கார்டு, அதே கர்னல். இதைப் பார்த்த உடனே புரிஞ்சிடும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன்னு நாம நினைக்கிறது அங்கே பாதித் தூக்கம்தான், கார்டை முழுசா விடுவிக்காம அப்படியே வெச்சிருக்கும். ரீஸ்டார்ட்லதான் முழுசா அணையும்.

விண்டோஸ்ல அட்மின் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' கொடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைஞ்சிடும். அப்புறம் முழுசா அணைச்சு, சார்ஜரைக் கழட்டி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடிங்க. இதைச் செஞ்சு பார்க்காம புதுக் கார்டு வாங்காதீங்க.

பதிவு 4

பிராட்காம் 43142 பற்றி யாரும் எழுதவில்லையே. பிசிஐ எண் 4365. இதற்கு 'டபிள்யூஎல்' டிரைவர்தான் ஒரே வழி. பேக்கேஜ் பிழையில்லாமல் ஏறியது. 'மோட்புரோப் டபிள்யூஎல்' கொடுத்தால் வந்த ஒரே வரி: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. காரணம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு. என் அனுபவம் இவ்வளவுதான், ஆனால் இங்கே பலர் தடுமாறுவதால் முழுதும் எழுதிவிடுகிறேன்.

டிகேஎம்எஸ் (கர்னலுக்கு ஏற்ப டிரைவரை உருவாக்கும் கருவி) வழியாக வரும் டிரைவர் உங்கள் மெஷினிலேயே கம்பைல் ஆகிறது. அதற்கு ஓடும் கர்னலுக்கான ஹெடர்கள் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) வேண்டும். டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' இல்லாமல் டிரைவர் பேக்கேஜை மட்டும் போட்டால் மாட்யூல் உருவாகவே உருவாகாது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். 'இன்ஸ்டால்ட்' என்று வரவேண்டும். வெறும் 'ஆடட்' என்றால் ஹெடர் இல்லை என்று கொள்ளுங்கள்.

இன்ஸ்டால்ட் என்று வந்தும் ஏறவில்லையா? 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்துப் பாருங்கள். எனேபிள்ட் என்றால் மாட்யூலில் இருக்கும் கையொப்பத்தைக் கர்னல் நம்ப வேண்டும்; அதற்கு அதன் சாவி மோக் (மெஷின் உரிமையாளர் சேர்க்கும் சாவிகள்) பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். உபுண்டுவில் பேக்கேஜ் ஏறும்போதே 8 முதல் 16 எழுத்துக்குள் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது லாகின் பாஸ்வேர்டு இல்லை, அடுத்த பூட்டுக்கு மட்டும். ரீபூட்டில் நீலத் திரை வரும். ஏதாவது ஒரு விசையைத் தட்டி 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு பாஸ்வேர்டு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: சில வினாடிக்குள் விசை தட்டாவிட்டால் திரை தானே நகர்ந்துவிடும், பதிவும் நடக்காது. அப்போது 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், பாஸ்வேர்டில் சிறப்புக் குறிகள் வேண்டாம்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்பவர்களும் உண்டு. வேலை நடக்கும், ஆனால் பாதுகாப்பு போகும். ஐந்து நிமிட வேலைக்காக அதை இழக்க வேண்டியதில்லை. விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெகவரி கீயும் கேட்கலாம்.

பதிவு 5

டெபியன்காரர்களுக்குச் சின்னக் குறிப்பு. கார்டு தெரிகிறது, டிரைவரும் பிடித்திருக்கிறது, ஆனால் டிமெசேஜில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ... ஃபெயில்ட் வித் எரர் -2' என்று வந்தால் கர்னலும் வேண்டாம், மோக்கும் வேண்டாம். -2 என்றால் அந்த ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) கோப்பு இல்லை. அவ்வளவுதான்.

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. சிக்கல் 11-இலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு. ஃபர்ம்வேர் பேக்கேஜுகள் 'நான்-ஃப்ரீ' பகுதியிலிருந்து 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. சோர்சஸ் லிஸ்டில் (பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் கோப்பு) அந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் பழைய ஃபர்ம்வேரிலேயே நின்றுவிடுவீர்கள். சேர்த்து, அப்டேட் கொடுத்து, 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' அல்லது 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' போடுங்கள்.

பதிவு 6

என்னுடையது கார்டு காணாமல் போனதே இல்லை, பெயர் மாறியது. ஓடிக்கொண்டிருந்த உபுண்டு சர்வரில் ஓர் என்விஎம்இ டிஸ்க் சேர்த்ததும் நெட்வொர்க் செத்துவிட்டது. 'ஐபி லிங்க்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் 'ஈஎன்பி3எஸ்0' இருந்த இடத்தில் 'ஈஎன்பி4எஸ்0'. அந்த 3 என்பது பிசிஐ பஸ் எண். புதிய டிஸ்க் நடுவில் நுழைந்ததும் பின்னால் இருந்தவை ஒவ்வோர் எண் தள்ளிப்போயின. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) கோப்பில் பழைய பெயர்தான் எழுதியிருந்தது.

4-ஆம் பதிவு நீளத்துக்கு எழுதவில்லை. நெட்பிளானில் பெயருக்குப் பதில் 'மேட்ச்' கீழே மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) கொடுத்து, 'செட்-நேம்' போட்டுவிடுங்கள். 'அப்ளை' வேண்டாம், 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தூரத்தில் இருந்து வேலை செய்பவர்களுக்கு அது முக்கியம்.