புதுப்பிப்பு: பி.சி.ஜி. ஊசி ஆழமாக இறங்கிவிடும் சிக்கல் தீர்ந்தது

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் போடும்போது மருந்து தோலுக்குள் நிற்காமல் அடியில் இறங்கிவிடுகிறது, தடிப்பு எழும்பவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் சாத்துக்குடித் தோலில் பழகச் சொன்ன யோசனையைச் செய்தோம். கை நடுக்கம் போனது, ஆழம் பிடிபடவில்லை. பலன் தந்தது, கோழித் தோலைப் பலகையில் இழுத்துப் பொருத்திப் பழகச் சொன்ன அக்காவின் யோசனைதான். அவர் சுட்டிக்காட்டிய தவறும் சரியாக இருந்தது: கட்டைவிரலைச் சிரிஞ்சுக்கு அடியில் வைத்துப் பிடித்தார்கள், அதனால் ஊசி செங்குத்தாக எழுந்துகொண்டது. விரலைப் பக்கவாட்டுக்கு மாற்றி, முனையின் சாய்வுப் பக்கம் மேலே தெரியும்படி, தோலோடு ஒட்டினாற்போல் 10 முதல் 15 டிகிரியில் நுழைக்கச் சொன்னேன். பச்சிளங் குழந்தைக்குரிய 0.05 மி.லி. அளவுக்கே இப்போது தடிப்பு தெளிவாக எழும்புகிறது.

எதிர்பாராதது ஒன்று. சாதாரண சிரிஞ்சில் பழகியவர்கள், ஒருமுறை மட்டுமே பயன்படும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சிலும் முதலில் காற்றை இழுத்தார்கள். உடனே அது பூட்டிக்கொண்டு வீணானது. அதில் காற்றை இழுக்காமல் ஊசியை நேராகக் குப்பிக்குள் செலுத்தி மருந்தை எடுக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

குழந்தையின் கையைத் தாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும் முறையை அடுத்த வாரம் பழக்கப்போகிறேன்.